காதால்தான் சேர்த்தேன், விம்மல் இல்லை. ஜி கார்ட் மட்டும் ஏன் கசக்கிறது?

செந்தூல் ஆறுகம்பி | கோலாலம்பூர் | வெள்ளி இரவு 10.14

கிட்டார் வாசிக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு காலையில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். கற்றுத் தந்த மாஸ்டர், சுருதி காட்டும் டியூனர் கருவியைத் தொடவே விடமாட்டார். "நடக்கத் தெரிந்தவனுக்கு ஊன்றுகோல் எதற்கு?" என்பார். அவர் காட்டிய முறையில்தான் இன்றுவரை சுருதி சேர்க்கிறேன். ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் இசைக்கவையை முழங்காலில் தட்டி ஏ கம்பியைச் சேர்ப்பது. பிறகு ஒரு கம்பியின் 5ஆம் ஃபிரெட் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் ஃபிரெட்டுக்கு மேலே லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் மணியொலி) அடுத்த கம்பியின் 7ஆம் ஃபிரெட் ஹார்மோனிக்கையும் ஒன்றாக ஒலிக்கவிட்டு, விம்மல், அதாவது சற்றே பிசகிய இரண்டு ஒலிகள் சேரும்போது வரும் ஏற்ற இறக்க அலை, நிற்கும்வரை திருகுவது. பி கம்பிக்கு மட்டும் தடித்த ஈ கம்பியின் 7ஆம் ஃபிரெட்.

நேற்று அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு கம்பியிலும் விம்மல் இல்லை, குளத்துத் தண்ணீர் போல நின்றது. ஈ கார்ட் (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்தேன், தேன். ஜி கார்ட் பிடித்தேன், புளித்த தயிர். டி கார்டும் சற்று முறுக்கிக்கொண்டுதான் நிற்கிறது.

தம்பி தன் கைப்பேசியில் டியூனர் செயலியைத் திறந்து நீட்டினான். ஜி கம்பி குறைவு, பி கம்பி கூடுதல் என்கிறது. விம்மலே இல்லாத கம்பி எப்படித் தவறாக இருக்கும்? பொய் சொல்வது என் காதா, அந்தச் செயலியா?

---

கல்யாணமேடை கீபோர்ட் | கிள்ளான் | வெள்ளி இரவு 10.31

முப்பது ரிங்கிட்டுக்குக் கிட்டார் தலையில் கவ்வும் டியூனர் ஒன்று வாங்குங்கள். இழையை மூடிவிடலாம்.

---

பட்டர்வொர்த் பழையகாது | பினாங்கு | வெள்ளி இரவு 11.02

கிள்ளான் தம்பிக்கு எல்லாமே முப்பது ரிங்கிட் வேலைதான்.

நான் கிட்டார் எடுத்த காலத்தில் டியூனர் என்பது பெரிய ஒலிப்பதிவுக்கூடங்களில் இருந்த பெட்டி. கையடக்க ஊசி டியூனரைக் கோர்க் நிறுவனம் கொண்டுவந்ததே 1975இல்தான். அதற்கு முன் உலகம் முழுவதும் கிட்டார் வாசித்தவர்கள் சுருதியில்லாமலா வாசித்தார்கள்? இசைக்கவை 1711இல் வந்த பொருள். ஜான் ஷோர் என்ற எக்காளக் கலைஞர் செய்தது. அதையும் இரண்டு காதையும் வைத்துக்கொண்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது.

டியூனரை நம்பினால் என்ன ஆகும் என்று ஒரு கதை சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒரு பையன் பச்சை விளக்கு எரிந்தால்தான் அடுத்த கம்பிக்குப் போவான். ஒரு பிறந்தநாள் விருந்தில் முதல் பாட்டிலேயே கீபோர்டோடு ஒட்டவில்லை. இரண்டாம் பாட்டிலும் அப்படியே. அவன் மறுபடியும் மறுபடியும் டியூனரைப் பார்க்கிறான், எல்லாம் பச்சை. இடைவேளையில் வாங்கிப் பார்த்தால் ஓரத்தில் சின்ன எழுத்தில் 443. பைக்குள் எதுவோ அழுத்தி அடிப்படை அளவு 440இலிருந்து ஏறியிருக்கிறது. ஏறத்தாழ 12 சென்ட், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஃபிரெட்டுகளின் சுர இடைவெளியில் நூறில் 12 பங்கு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டிகள்கூட முகம் சுளித்தார்கள். அவனுக்கு மட்டும் கேட்கவில்லை, ஏனென்றால் அவன் கேட்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தான்.

செந்தூல் தம்பி, உங்கள் மாஸ்டர் சொல்வதைக் கேளுங்கள்.

---

கல்யாணமேடை கீபோர்ட் | வெள்ளி இரவு 11.20

> அவன் கேட்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தான்

அண்ணே, அது பொத்தானின் தவறு. கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடினால் சூரியனைப் பார்த்தா அலுவலகத்துக்குப் போவீர்கள்?

நான் வாசிக்கும் இடம் எப்படி இருக்கும் தெரியுமா? வலப்பக்கம் நாதஸ்வரமும் தவிலும். பின்னால் ஜெனரேட்டர். இடப்பக்கம் பிரியாணி அண்டாவைக் கரண்டியால் தட்டும் சத்தம். ஒலிவாங்கியில் ஒருவர் "வெள்ளை நிற மைவி, எண் 4412, வண்டியை எடுக்கவும்" என்கிறார். இதற்கு நடுவில் கிட்டார்காரர் 7ஆம் ஃபிரெட் ஹார்மோனிக்கில் விம்மல் தேட வேண்டுமா? கவ்வும் டியூனர் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை உணர்கிறது. தவில் அடித்தாலும் அதற்குக் கவலையில்லை. கைப்பேசிச் செயலிதான் ஒலிவாங்கியை நம்புகிறது, அது மேடைக்கு உதவாது. தடித்த ஈ கம்பியின் 82 ஹெர்ட்ஸ் கைப்பேசியின் சின்ன ஒலிவாங்கிக்குச் சரியாக எட்டுவதும் இல்லை. ஊசி தாவும், இல்லையென்றால் வேறு சுரத்தைக் காட்டும். வீட்டில் செயலிதான் இருக்கிறது என்றால் 12ஆம் ஃபிரெட் ஹார்மோனிக்கை ஒலித்துப் பாருங்கள், ஊசி ஓரளவு அடங்கும்.

---

வீணைத்தண்டு | பிரிக்பீல்ட்ஸ் | சனி காலை 6.48

கிட்டார்காரர்களின் சண்டையில் வீணைக்காரி நுழையலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் அந்தப் புளித்த தயிர் எனக்குப் பழக்கமான சுவை.

தம்புராவை நன்றாகச் சேர்த்து, கம்பிக்கு அடியில் செருகும் ஜீவா நூலைச் சரியான இடத்தில் வைத்து மீட்டினால், ப-ஸ-ஸ-ஸ கம்பிகளுக்குள்ளிருந்து யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் மெல்ல எழும். அந்தர காந்தாரம். அது கற்பனை இல்லை, ஸட்ஜக் கம்பியின் ஐந்தாவது மடங்கு அதிர்வுதான். ஸட்ஜத்துக்கும் அதற்கும் உள்ள விகிதம் 4க்கு 5. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு எந்தக் காந்தாரமும் சற்று உயர்ந்தே கேட்கும்.

கிட்டாரில் அந்தக் காந்தாரம் கிடைக்கவே கிடைக்காது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி ஃபிரெட் அடித்துவிட்டார்கள். சுத்தமான காந்தாரம் 386 சென்ட்டில் இருக்கிறது, கிட்டாரின் காந்தாரம் 400இல் இருக்கிறது. ஏறத்தாழ 14 சென்ட் தூக்கல். வீணையில் மெழுகின் மேல் 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி வைக்கிறோம். அங்கே சுருதிக்கு ஒரே ஸட்ஜம், பாடல் முடியும்வரை அதுவே. உங்கள் கிட்டாரில் நொடிக்கு ஒரு ஸட்ஜம் மாறுகிறது. ஈ கார்டில் ஈ ஸட்ஜம், அடுத்த நொடியில் ஜி ஸட்ஜம். ஒரு வீட்டுக்குப் போட்ட மாப்பிள்ளை விருந்தைப் பன்னிரண்டு வீட்டுக்கும் போட முடியுமா? ஆளுக்குக் கொஞ்சம் உப்புக் குறைத்துச் சமமாகப் பரிமாறியிருக்கிறார்கள்.

அதனால் டியூனர் காட்டும் பச்சை என் காதுக்குச் சுத்தமும் இல்லை. ஆனால் தம்பி சொல்லும் கசப்பு இந்த 14 சென்ட்டைவிட அதிகமாக இருக்கும் என்று தோன்றுகிறது. கணக்குத் தெரிந்த யாராவது சொல்லுங்கள், எனக்கு இப்போது வகுப்பு இருக்கிறது.

---

கம்பி வைத்தியர் | ஜெலுத்தோங், பினாங்கு | சனி பகல் 12.37

கிட்டார் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. காலையில் ஒரு பாலத்தை ஒட்டவைத்து, அது காயும்வரை சும்மா இருப்பதால் எழுதுகிறேன். நீளமாகப் போகும்.

செந்தூல் தம்பி, உங்கள் காது பொய் சொல்லவில்லை. செயலியும் சொல்லவில்லை. பொய் சொல்வது அந்த 5-7 முறை. அது மிகவும் பணிவாகப் பொய் சொல்வதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

5ஆம் ஃபிரெட் ஹார்மோனிக் என்பது கம்பியின் அதிர்வெண்ணைப் போல் 4 மடங்கு. 7ஆம் ஃபிரெட் என்பது 3 மடங்கு. விம்மல் அடங்கும்போது இரண்டு கம்பிகளுக்கும் இடையே 4க்கு 3 என்ற சுத்தமான மத்தியம உறவு அமைகிறது, அதாவது 498 சென்ட். ஃபிரெட்டுகள் எதிர்பார்ப்பதோ 500. ஒவ்வொரு தாவலிலும் 2 சென்ட் இடிக்கிறது. இரண்டு சென்ட்டை யாரும் கேட்பதில்லை. ஆனால் அது மாதாந்திரச் சீட்டு மாதிரி சேர்ந்துகொண்டே போகும்.

ஏ கம்பியை இசைக்கவையில் சரியாகப் பிடித்தீர்கள். அங்கிருந்து டி கம்பி 2 குறைகிறது, ஜி கம்பி 4 குறைகிறது. எதிர்ப்பக்கம் தடித்த ஈ 2 கூடுகிறது. பி கம்பியை அந்த ஈயிடமிருந்து எடுத்ததால் 4 கூடுகிறது. இப்போது ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் நடுவே 408 சென்ட். வீணை அம்மா சொன்ன சுத்தக் காந்தாரத்தைவிட 22 சென்ட் தூக்கல். அதோடு, ஜி கார்டில் தடித்த ஈயின் 3ஆம் ஃபிரெட்டும் திறந்த ஜி கம்பியும் ஒரே சுரத்தின் இரண்டு ஸ்தாயிகள். ஒன்று 2 கூடுதல், மற்றது 4 குறைவு. ஸ்தாயியே ஆறு சென்ட் பிசகி நிற்கிறது. உங்கள் தயிர் புளித்தது அங்கேதான். டி கார்டிலும் இதே கதை, இரண்டு டிக்களுக்கு நடுவே.

ஈ கார்ட் ஏன் இனித்தது? அதன் காந்தாரம் ஜி கம்பியின் முதல் ஃபிரெட்டில் இருக்கிறது. ஜி கம்பி 4 குறைந்து கிடப்பதால் அந்தக் காந்தாரம் தூக்கல் தணிந்து, சுத்தத்தை நோக்கி இறங்கி நிற்கிறது. ஜியிடமிருந்து திருடி ஈக்குத் தானம் செய்திருக்கிறீர்கள்.

காதால்தான் சேர்ப்பேன் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விம்மலை முழுவதும் கொல்லாமல் கொஞ்சம் உயிரோடு விடுவது. சரியாகச் சேர்ந்த கிட்டாரில் ஈயின் 5ஆம் ஃபிரெட் 329.63, ஏயின் 7ஆம் ஃபிரெட் 330. ஏறத்தாழ 2.7 வினாடிக்கு ஒரு விம்மல் இருந்தே தீர வேண்டும். ஏ-டிக்கு நடுவே 2 வினாடிக்கு ஒன்று, டி-ஜிக்கு நடுவே ஒன்றரை வினாடிக்கு ஒன்று, மெல்லிய கம்பி சற்று உயரமாக. பியானோ சுருதி சேர்ப்பவர்கள் இப்படித்தான் விம்மலை எண்ணி வேலை செய்கிறார்கள்.

இரண்டாவது வழி எளிது, நான் அதைத்தான் செய்கிறேன். கம்பியிலிருந்து கம்பிக்குத் தாவாதீர்கள். எல்லாவற்றையும் ஏ சுரத்திடமே கேளுங்கள். தடித்த ஈயின் 5ஆம் ஃபிரெட்டைத் திறந்த ஏயுடன். டியின் 7ஆம் ஃபிரெட்டையும் ஜியின் 2ஆம் ஃபிரெட்டையும் ஏயின் 12ஆம் ஃபிரெட் ஹார்மோனிக்குடன். பியின் 10ஆம் ஃபிரெட்டையும் மெல்லிய ஈயின் 5ஆம் ஃபிரெட்டையும் ஏயின் 5ஆம் ஃபிரெட் ஹார்மோனிக்குடன், அது உங்கள் இசைக்கவையின் அதே 440. இங்கே விம்மலை முழுவதும் கொல்லலாம். ஒரு கம்பியின் பிழை அடுத்த கம்பிக்குப் போகாது.

இன்னொன்று. என்னிடம் "டியூனர் சரியில்லை" என்று வரும் கிட்டார்களில் பாதிக்கு நோய் நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டையில், இருக்கிறது. சாவியைத் திருகும்போது ஊசி நகராமல் நின்று, பிறகு "டிக்" என்று ஒரு சத்தத்தோடு தாவுகிறதா? கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். கம்பியைத் தூக்கிவிட்டு அந்தப் பள்ளத்தில் 2பி பென்சிலைச் சீவிய முனையால் நாலு முறை தேயுங்கள். கரித்தூள் வழுக்கும். எப்போதும் கீழேயிருந்து மேலே ஏற்றியே சுருதியில் நிறுத்துங்கள். மேலேயிருந்து இறக்கி நிறுத்தினால் சாவியின் பற்களுக்கு நடுவே தளர்வு மிச்சமிருந்து, இரண்டாம் பாட்டில் இறங்கும். கம்பியை வெறியோடு மீட்டி டியூனரைப் பார்க்கவும் கூடாது. பலமாக மீட்டிய கம்பி முதலில் உயர்ந்து பிறகுதான் அடங்கும்.

---

பட்டர்வொர்த் பழையகாது | சனி பகல் 1.15

வைத்தியர் ஐயா, இத்தனை வருடமாக 5-7 முறையில்தான் சேர்க்கிறேன். கசந்ததே இல்லை.

---

கம்பி வைத்தியர் | சனி பகல் 1.22

கடைசியில் ஜி கார்ட் பிடித்துப் பார்த்துவிட்டு பி கம்பியைக் கொஞ்சம் இறக்குவீர்கள் அல்லவா?

---

பட்டர்வொர்த் பழையகாது | சனி பகல் 1.40

இறக்குவேன். எல்லாரும் செய்வதுதானே.

---

கம்பி வைத்தியர் | சனி பகல் 1.43

அதுதான் ஐயா. முறை தவறியதை உங்கள் காது தினமும் திருத்திக்கொண்டிருக்கிறது. தம்பியின் மாஸ்டரும் செய்வார், ஆனால் கை தன்னால் போய்விடுவதால் சொல்லித்தர மறந்திருப்பார். ஒன்று மட்டும் கவனம், ஜி கார்டுக்காக பியை மனம் போன மட்டும் இறக்கினால் அடுத்து ஈ கார்டில் பஞ்சமம் அழும்.

---

இரண்டு பிள்ளைகளின் அம்மா | சுங்கை பூலோ | சனி மாலை 5.05

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மகளுக்கு ஒன்பது வயது, நைலான் கம்பிக் கிட்டார் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. காலையில் சேர்த்தால் மாலையில் இறங்கிவிடுகிறது. டியூனர் வாங்கித் தந்தால் காது கெட்டுவிடும் என்று இங்கே பயமுறுத்துகிறீர்கள். என்ன செய்வது?

---

வீணைத்தண்டு | சனி மாலை 5.50

சகோதரி, புது நைலான் கம்பி சில நாட்கள் நீண்டுகொண்டேதான் இருக்கும், கிட்டாரில் குறையில்லை. டியூனர் வாங்கித் தாருங்கள். சேராத கிட்டாரில் தினமும் பயிற்சி செய்தால்தான் காது கெடும். ஒரு விளையாட்டு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பியை மீட்டியதும் "கூடவா, குறைவா?" என்று மகள் முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் டியூனரைத் திருப்பிக் காட்ட வேண்டும். என் மாணவிகளிடம் தம்புராவில் இதைத்தான் செய்கிறேன், மிட்டாய் பந்தயத்தோடு.

---

கல்யாணமேடை கீபோர்ட் | சனி மாலை 6.12

வெயிலில் காய்ந்த காரிலிருந்து எடுத்து நேராகக் குளிர்சாதன மண்டபத்தில் சேர்க்காதீர்கள் என்பதையும் அந்த அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் கிட்டார்காரர் எஃகுக் கம்பி வைத்திருக்கிறார். குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், பிறகு மேடை விளக்குச் சூட்டில் இறங்கும். பெட்டியைத் திறந்து இருபது நிமிடம் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். பழையகாது அண்ணனின் முறையானாலும் என் முறையானாலும் அந்தத் தேநீர் கட்டாயம்.

---

செந்தூல் ஆறுகம்பி | ஞாயிறு இரவு 9.26

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவே சோதித்தேன். பழைய முறையில் விம்மலைக் கொன்றுவிட்டு, தம்பியிடம் கவ்வும் டியூனரை வாங்கி மாட்டினேன். டி 2 குறைவு. ஜி 4, சில நேரம் 5 குறைவு. பி 4 கூடுதல். தாளில் எழுதி வைத்திருந்த வைத்தியர் அண்ணனின் கணக்கும் இதுவும் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் புல்லரித்தது. பிறகு ஏ சுர முறையில் சேர்த்தேன். பச்சையும் எரிந்தது, ஜி கார்டும் தயிர்ச் சட்டியிலிருந்து வெளியே வந்தது. பென்சிலையும் தேய்த்தேன். மூன்றாம் கம்பியில் அந்த "டிக்" இருந்தது, இப்போது இல்லை.

இன்று காலை வேறு பிரச்சினை. டியூனரில் ஆறும் பச்சை, தனியாக வாசித்தால் அழகு. பாடல் தொடங்கியதும் தேவாலயப் பியானோவோடு ஒட்டவேயில்லை. எனக்கு உடனே பழையகாது ஐயாவின் 443 நினைவுக்கு வந்து ஓரத்து எழுத்தைப் பார்த்தேன், 440தான். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பியானோவில் ஏ கட்டையை அழுத்திப் பிடித்தார். என் கம்பியைக் காட்டி "இறக்கு" என்று கையசைத்தார். இறக்கினேன். விம்மல் நீண்டு, நீண்டு, நின்றது. பியானோவே இறங்கியிருக்கிறது, ஏறத்தாழ 8 சென்ட். அதற்குச் சுருதி சேர்த்து இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறதாம்.

பூசை முடிந்ததும் மாஸ்டரிடம் டியூனரைக் காட்டி, அடிப்படை அளவை 438க்கு இறக்கினால் பியானோவோடு பொருந்தும் என்று விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றி, அருகில் வைத்துப் பார்த்தார். "இந்த எண்ணை மாற்ற முடியுமா? இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?" என்றார். பிறகு இசைக்கவையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, இதை இறக்க முடியாது பார் என்று சிரித்தார். பியானோ சுருதி சேர்ப்பவர் அடுத்த மாதம் வருகிறார். அதுவரை 438.

---

பட்டர்வொர்த் பழையகாது | ஞாயிறு இரவு 9.58

அவர் வந்து போனபின் 440க்குத் திருப்பி வைக்க மறந்துவிடாதீர்கள் தம்பி. எங்கள் பையனுடையது பைக்குள் தானாக அழுந்தியது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.